மாடிக் கீரையும் மாநகரத்தின் பசியும்

தன்னிறைவு என்றொரு சொல் இருக்கிறது. நெருக்கடி வந்தால் அதைத் தூசு தட்டி எடுப்போம். நெருக்கடி நீங்கினால் பரண்மேல் போட்டுவிடுவோம். 1951-ஆம் ஆண்டோடு அன்னிய தானியத்துக்குக் கையேந்துவதை நிறுத்திவிடுவோம் என்று 1949-இல் டில்லி சர்க்கார் சூளுரைத்தது. அந்த 1951-இலேயே 40 இலட்சம் டன்னுக்கு மேல் தானியம் கப்பலேறி வந்தது. சொல் பரணுக்குப் போயிற்று. 2020 மே 12-ஆம் நாள், கொரோனா ஊரடங்கின் நடுவே, 'தற்சார்பு இந்தியா' என்ற பெயரில் அது மறுபடி மேடையேறிற்று. டில்லி மேடைப் பேச்சை இன்றைக்கு விட்டுவிடுவோம். அதே சொல்லை மண்ணில் கைவைத்து, நாற்று நட்டு, புழு பொறுக்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, தோட்டம் போடுகிறவர்கள், அவர்கள் பேச்சைத்தான் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

எடை போட நெருப்பெரிச்சலைவிடப் பொருத்தமான இடம் ஏது? திருப்பூருக்கு வடக்கே, 2011 வரையில் தனி ஊராட்சியாக இருந்து, அந்த ஆண்டு மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர் அது. பெயரைக் கேட்டாலே நாக்கு வறளுகிறது! மழை மறைவுப் பிரதேசம்; ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல ஆண்டு என்பார்கள். கொங்குச் சீமையிலே 'காடு' என்றால் மானாவாரி நிலம். 'தோட்டம்' என்றால் கிணற்றுப் பாசனமுள்ள நிலம். தோட்டத்துக்காரர் என்றால் பூச்செடி வளர்ப்பவர் என்று பொருளல்ல. கிணறு வைத்திருக்கும் குடியானவர். அந்தத் தோட்டத்துக்காரர்களில் பலரும், அவர்களிடம் பண்ணையம் பார்த்தவர்களின் பிள்ளைகளும்தான், பின்னாளில் பனியன் கம்பெனி வைத்தார்கள், பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். சோளமும் பருத்தியும் விளைந்த பூமி, வீட்டுமனையும் கம்பெனிக் கட்டடமுமாக மாறியது. மண் போயிற்று, மண்ணின் நினைவு மட்டும் மொட்டை மாடிக்கு ஏறிற்று. தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் தக்காளியும் கத்தரியும் நிற்கின்றன. மதிற்சுவரில் அவரைக்கொடி படர்கிறது.

இவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. இரண்டையும் கேட்டவர்களுக்கு வேற்றுமை விளங்கும்.

ஒரு சாரார் கூறுவது இது: எந்த நாளும் எந்தச் சங்கடமும் வரும், கடையை நம்பாதே, சர்க்காரை நம்பாதே, உன் வீட்டு மாடியிலே உன் காய், உன் வீட்டுப் பரணிலே உன் அரிசி, உன் வீட்டுத் தொட்டியிலே உன் தண்ணீர், இவை இருந்தால் ஊரே அடைபட்டுக் கிடந்தாலும் ஆறு மாதம் தாங்கலாம். 2020 மார்ச்சில் இரவோடு இரவாக நாடு பூட்டப்பட்டதைக் கண்டவர்கள் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. அன்று கீரைக்கட்டு ஒன்றுக்காகத் தெருமுனையில் காத்து நின்றவர்கள்தாம் மறுவாரம் தொட்டியில் விதை போட்டார்கள்.

மற்றொரு சாரார், பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், உண்மையிலேயே தோட்டம் செய்து பழகியவர்கள், இவ்வளவு துணிந்து பேசுவதில்லை. செடிக்குத் தெரியாது நெருக்கடி என்பது அவர்கள் கட்சி. தண்டுக்கீரைக்கு இருபத்தைந்து நாளாவது வேண்டும், வெண்டைக்கு நாற்பத்தைந்து, கத்தரியும் தக்காளியும் நாற்று விட்டு நட்டுக் காய் பறிக்க இரண்டரை மாதம். அடுத்த வாரத்துப் பசிக்கு இன்றைக்கு விதைத்தால் ஆகுமா? வெள்ளைப்பூச்சி விழுந்தால் போயிற்று, சித்திரை வெயில் காய்ந்தால் போயிற்று. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வெறும் பழமொழியல்ல. பருவம் தவறினால் பாடுபட்டும் பலனில்லை என்று பட்டறிந்தவர்கள் சொன்ன கணக்கு.

அந்தக் காலத்துக் குடியானவர் வீட்டிலும் முன்னேற்பாடு இருந்தது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள். விதையைச் சுரைக்குடுக்கையில் சாம்பலோடு அடைத்துவைத்தார்கள். சோளமும் கம்பும் குதிரில் இருந்தன; புளி ஓராண்டுக்கு இருந்தது; கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், மோர்மிளகாய் எல்லாம் கோடையிலே காய்ந்து மழைக்காலத்துக்குக் காத்திருந்தன. கொல்லையில் முருங்கை நின்றது. இதை யாரும் அவசரகாலத் தயாரிப்பு என்று அழைக்கவில்லை, குடித்தனம் என்றார்கள். மாடித் தோட்டம் போடும் இளைஞர்கள் அந்தக் குடித்தனத்தைத் திரும்பக் கற்பது பாராட்டத்தக்கது. ஒட்டுவீரிய விதையை வாங்கி நட்டால் அதன் விதை மறுமுறை அதே குணத்தோடு முளைக்காது என்று கண்டு, நாட்டு விதைகளைத் தேடித் தமக்குள் மாற்றிக்கொள்கிறார்களே, அதுவும் நல்ல காரியம்.

ஆனால் கணக்கென்று ஒன்று இருக்கிறது. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 480 கிலோ. அதற்கு ஏறத்தாழ 740 கிலோ நெல் வேண்டும். நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு இரண்டு முதல் இரண்டரை டன். அப்படியானால் ஒரு குடும்பத்தின் சோற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு ஏக்கர், அதாவது 14 ஆயிரம் சதுர அடிக்கு மேல், தண்ணீரோடு கூடிய நிலம் வேண்டும். திருப்பூரில் லைன் வீட்டுத் தொழிலாளிக்கு வாய்த்திருப்பது பத்தடிக்குப் பத்தடி அறை. மாடி வீட்டுக்காரருடையது, தண்ணீர்க் குழாய் பொதுவானது, சுவரில் ஆணியடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். அவருக்கு நேரமாவது உண்டா? ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர் எந்த வெளிச்சத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்? மாடித் தோட்டம் உணவில் சத்தைச் சேர்க்கும். குழந்தையின் தட்டிலே முருங்கைக்கீரையை வைக்கும். மாதச் செலவிலே சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தும். உலையை மட்டும் அதனால் நிரப்ப முடியாது. தோட்டம் போடுகிறவர்களிலே விவரமறிந்தவர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

அவசரகாலம், அவசரகாலம் என்கிறோமே, திருப்பூர் கண்ட அவசரகாலங்கள் எவை? 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் நின்றதும் கட்டிங் நின்றது, தையல் நின்றது, செக்கிங் நின்றது. 2016 நவம்பரில் நோட்டு செல்லாமற் போயிற்று. வாரச் சம்பளம் கொடுக்கும் ஊரிலே சனிக்கிழமை தோறும் திண்டாட்டம். 2020-இல் ஊரடங்கு. 2022-இல் நூல் விலை ஏறி, மே மாதத்தில் ஊரே வேலைநிறுத்தம் செய்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போகும் நாடு அது. அந்த வரியின் பிற்காலக் கதை வேறு. பதினைந்து ஆண்டுக்குள் ஐந்து அடி! இவற்றில் யுத்தம் ஏதேனும் உண்டா? விளைச்சல் பொய்த்ததுண்டா? ஊரடங்கின் முதல் சில வாரங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஐந்திலும் உழவர் சந்தையிலே காய் இருந்தது. கடையிலே அரிசி இருந்தது. இல்லாமற் போனது கூலி. சனிக்கிழமைச் சம்பளம் வராத வீட்டுக்குத்தான் பஞ்சம் வந்தது.

இது திருப்பூருக்கு மட்டுமுள்ள விசித்திரமல்ல. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் கோவை, சேலம் மாவட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. மழை பொய்த்தது உண்மை. எனினும் அந்தக் காலத்திலேயே துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. முதலிலே விழுந்தவர்கள் யார்? கூலிக்காரர்களும் நெசவாளிகளும். நெசவாளியின் துணியை வாங்க ஆளில்லை. எனவே அவனுக்குத் தானியம் வாங்கக் காசில்லை. தறியை நம்பிய ஊருக்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. அதை நம்பியிருந்த சென்னை மாகாணம் தடுமாறிற்று. மலேயாவில் இருந்த நம் தோட்டத் தொழிலாளர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்தார்கள். அங்கே கைகொடுத்தது நட்டால் முளைக்கும் அந்தக் கிழங்குதான், மறுக்கவில்லை. ஆனால் மாகாணத்திலே நகரத்து ஏழையின் வாயில் சோறு போக வழி செய்தது எது? ரேஷன் அட்டை.

1965-இன் கதை நமக்கு இன்னும் அண்மையது. பாகிஸ்தானோடு போர், மழையும் பொய்த்தது, அமெரிக்கக் கோதுமையை எப்போது அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்று ஜனாதிபதி ஜான்சன் மாதத்துக்கு மாதம் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவு ஒரு வேளை உணவை விட்டுவிடுங்கள் என்று மக்களை வேண்டினார். அன்றைய உணவு அமைச்சர் யார்? பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், கொங்கு நாட்டுத் தோட்டத்து மனிதர். டில்லியில் தம் இல்லத்துப் புல்வெளியை உழுது குட்டை ரகக் கோதுமையை விதைத்தார். பத்திரிகைகளில் படம் வந்தது. எள்ளி நகையாடியவர்களும் உண்டு. அந்தப் புல்வெளிக் கோதுமை எத்தனை பேருக்கு ரொட்டியாகியிருக்கும்? விரல் விட்டு எண்ணலாம். ஆனால் அது விளைகிறது என்று கண்ணால் காட்டினார். அதோடு நின்றிருந்தால் அது வெறும் வேடிக்கை. நிற்கவில்லை. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. அதற்கு முன்பே, 1965 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலன்று, இந்திய உணவுக் கழகம் நம் தஞ்சையிலே தொடங்கப்பட்டிருந்தது. விதை, உரம், விலை உத்தரவாதம், கொள்முதல், கிடங்கு என்று சங்கிலி கோத்தார்கள். 1966-இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை வெளியிலிருந்து வாங்கிய நாடு, சில ஆண்டுகளில் நிமிர்ந்தது. அந்த முறை நிலத்துக்கும் நீருக்கும் இழைத்த கேடு தனி விவகாரம். அதையும் ஒருநாள் பேசலாம். இங்கே சொல்ல வந்தது, வீட்டுத் தோட்டத்திலே பார்த்ததை நாட்டுக்கான ஏற்பாடாக ஆக்கியதைத்தான். 1967 தேர்தலில் தமிழகத்தின் தலைவிதியை அரிசி நிர்ணயித்ததையும், ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டதையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இலங்கையைப் பாருங்கள். 1970-களில் இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் மிளகாயும் வெங்காயமும் போட்டு நிமிர்ந்தார்கள். 1977-இல் கதவு திறந்து விடப்பட்டதும் அதே தோட்டக்காரர்கள் அடிபட்டார்கள். தோட்டக்காரரின் உழைப்பு ஒன்றுதான்; சர்க்காரின் கொள்கை மாறியபோது பலன் மாறிற்று. 2021-இல் இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள், விளைச்சல் சரிந்தது. 2022 ஜூனில் அன்னியச் செலாவணி வற்றி, பெட்ரோலும் இல்லாமற் போனபோது, அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் விடுமுறை அளித்து, வீட்டிலே பயிர் செய்யுங்கள் என்றார்கள். கிணறு வற்றிய பிறகு வாளி வாங்கச் சொன்ன கதை!

இனி, திருப்பூர்த் தோட்டத்தின் உயிர்நாடிக்கு வருவோம். தண்ணீர். நொய்யல் ஆற்றிலே சாயக்கழிவு ஓடிய காலத்தில் கரையோரக் கிணறுகள் உப்பாயின. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அதன் கீழே பயிர் செய்தவர்கள் வழக்கு மன்றம் ஏறினார்கள். டாலர் வந்தது, கிணறு போயிற்று. இந்த ஊரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியதாகப் பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான், உழைப்பின் பெருமை அது. ஆனால் கிணற்று நீரைக் கீரைக்கு ஊற்ற முடியாமற் போன ஊர், உலகத்துக்கு உடுத்தக் கொடுத்துவிட்டுத் தன்னிறைவு பேசுவது பொருந்துமா? நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்திருக்கிறது. பவானியருகிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடியே 50 இலட்சம் லிட்டர் கொண்டுவரும் அளவுக்குப் பெரிய குடிநீர்த் திட்டம் 2005-இலிருந்து நடக்கிறது. அறுபது ஆண்டுக் கோரிக்கையான அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கப்பட்டு, 1,045 குளங்குட்டைகளுக்கு நீர் தரும் ஏற்பாடு வந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் மாடித் தோட்டக்காரரின் பூவாளியோடு சம்பந்தப்பட்டவை. குளம் நிரம்பினால் நிலத்தடி நீர் இனிக்கும். நிலத்தடி நீர் இனித்தால் தொட்டிச் செடி பிழைக்கும்.

வானத்து நீரை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? ஆயிரம் சதுர அடி மாடியில் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் 55 ஆயிரம் லிட்டர் விழுகிறது. சிந்தியது சிதறியது போக 45 ஆயிரமாவது மிஞ்சும். இருபது பை கொண்ட தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் போதும். ஆண்டு முழுவதும் ஊற்றினாலும் 15 ஆயிரத்தைத் தாண்டாது. ஐயாயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்றிருந்தால் நாலு மாதத்துக் கோடையைக் கடந்துவிடலாம். மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் 2003-இலேயே கட்டாயமாக்கியது. நம்மில் எத்தனை வீட்டுக் குழாய் இன்றும் தொட்டியிலோ கிணற்றிலோ போய்ச் சேருகிறது என்று ஏறிப் பார்த்தால் வெட்கம்தான் மிஞ்சும்.

தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தளைகளை மானியத்தில் வழங்கத் தொடங்கியது. பின்னர் பிற ஊர்களுக்கும் வந்தது. நல்ல திட்டம். ஆனால் மாடி உள்ளவருக்கு மானியம், மாடியில்லாதவருக்கு? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நெருப்பெரிச்சல் பக்கத்து லைன் வீடுகளில் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளி, 2020-இல் ஊருக்குப் போக ரயில் எப்போது என்று ஏங்கி நின்றாரே, அவருக்கு எந்தத் தளை? அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அவர் இங்கே தானியம் வாங்கலாம். எட்டரை மணிக்கு வெளியே வருகிறவருக்காக எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பனியன் நகரத்திலே ரேஷன் கடைக்கும் ஷிப்ட் நேரம் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

தோட்டம் போடுவோரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுபோன்ற ஒரு கோரிக்கையையே. தனக்கு மட்டும் ஆறு மாதச் சாமான் என்று பரணை நிரப்புவது எளிது. பக்கத்து லைன் வீட்டிலே பட்டினி இருக்கையில் அந்தப் பரண் எத்தனை நாள் தாங்கும்? மனைப்பிரிவு போடும்போது பூங்காவுக்கென்று பத்தில் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லும் விதி இருக்கிறது. திருப்பூரில் அதை 'ரிசர்வ் சைட்' என்பார்கள். பல இடங்களில் அது முட்புதராகவோ, குப்பை கொட்டும் இடமாகவோ கிடக்கிறது. சில இடங்களில் ஆக்கிரமிப்பு. அதிலே ஒரு பகுதியைக் கம்பி வேலியிட்டு, ஆழ்துளைக் கிணறோ மழைநீர்த் தொட்டியோ அமைத்து, சுற்றியுள்ள லைன் வீட்டுக் குடும்பங்களுக்குப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போதும் அவர்களுக்கு. முருங்கையும் அகத்தியும் வேலியோரம் நின்றால் அவற்றுக்குத் தினம் தண்ணீர்கூட வேண்டியதில்லை. பாறைக்குழிகளில் கொட்டி ஊர் ஊராக எதிர்ப்பைச் சம்பாதிக்கும் குப்பையிலே மக்கும் பகுதியைப் பிரித்து உரமாக்கினால் அதுவும் அந்தப் பாத்திக்கே போகும். மாடித் தோட்டத்தில் பத்தாண்டு அனுபவம் பெற்றவர்கள் கற்றுக்கொடுக்க முன்வரட்டும். நாட்டு விதை வைத்திருப்பவர்கள் ஒரு கைப்பிடி தரட்டும்.

வேலை நின்ற வாரத்தில் தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பகுதியாவது கிடைக்க வழி வேண்டும். அது தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சர்க்காரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், கீரைப்பாத்தியோடு தீருவதல்ல. ஆனால் கீரைப்பாத்திக்கு யாரையும் காத்திருக்க வேண்டியதில்லை. மாநகராட்சிக்கு 60 வார்டுகள். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலே ஒரே ஒரு வார்டின் ரிசர்வ் சைட்டுக்காவது வேலிக்கும் தண்ணீருக்கும் பணம் ஒதுக்கப்படுகிறதா என்று பார்ப்போம். நெருப்பெரிச்சலிலேயே தொடங்கலாம். ஆடிப்பட்டத்துக்கு முன் மண்ணைக் கொத்திப் போட வேண்டும்; அதற்குள் மாமன்றத்துத் தீர்மானம் வந்தாக வேண்டும்.